பன்னிரண்டு பேர் சங்கத்தில் மிஞ்சிய இருவர்



எடைக்கல் முத்திரை, வரி விதிகள், பருப்பில் வண்டு விழாமல் காப்பது என்று எழுதிவந்தவன், இம்முறை அமெரிக்கக் கல்லூரிகளின் விளையாட்டுச் சங்கங்களைப் பற்றி எழுதுகிறேன். பந்து யார் கையில் போனால் நமக்கென்ன என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். சேர்ந்து விற்பது, வந்த பணத்தைப் பங்கு பிரிப்பது, புதியவரைச் சேர்ப்பது, பழையவர் விலகுவது என்று நம் சங்கங்களில் நடக்கும் காரியங்களே அங்கே கோடிக்கணக்கான டாலரில் நடக்கின்றன. பேரேடு எழுதத் தெரிந்த எவருக்கும் இது புரியும்.

2023 ஜூலை முதல் அக்டோபர் வரை ஓரிகன் மாநிலத்தில் கார்வாலிஸ் என்னும் ஊரில் மகள் வீட்டில் தங்கியிருந்தேன். சுமார் 60,000 பேர் வசிக்கும் ஊர். ஓரிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தை எடுத்துவிட்டால் பாதி ஊர் இல்லை. அங்கே புட்பால் என்பது நம் கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓட, எதிரணியினர் மறித்துச் சாய்க்கும் ஆட்டம். ஆண்டுக்கு ஆறு அல்லது ஏழு ஆட்டம்தான் உள்ளூரில் நடக்கும். அந்த ஆறேழு நாட்களில் வெளியூர்க் கூட்டம் வந்து இறங்கும். தங்கும் விடுதிக்காரர், சிற்றுண்டிக் கடைக்காரர், பனியன் தொப்பி விற்பவர் எல்லோருக்கும் அதுதான் தீபாவளி.

கல்லூரியின் நிறமான ஆரஞ்சில் பனியன் விற்கும் சிறு கடைக்காரர் ஒருவரோடு பழக்கம் ஏற்பட்டது. அவருக்கும் என் வயதுதான். மாப்பிள்ளைதான் எங்களுக்கு மொழிபெயர்ப்பாளர். ஆகஸ்ட் 4, வெள்ளிக்கிழமை மாலை நாங்கள் போனபோது கல்லாவுக்குப் பக்கத்தில் டி.வி.யைப் பார்த்தபடி பேசாமல் உட்கார்ந்திருந்தார். என்ன விஷயம் என்று மாப்பிள்ளை கேட்டார். "எங்கள் சங்கம் போயிற்று" என்றாராம். அதே ஆண்டில்தான் பல்கலைக்கழகம் தன் விளையாட்டு அரங்கின் ஒரு பக்கத்தை இடித்து, சுமார் 16 கோடி டாலர் செலவில் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்தது. அடுத்த மாதம் திறப்பதாக இருந்தார்கள். கடன் வாங்கி மாடி கட்டி முடிக்கிற நேரத்தில் பஸ் ஸ்டாண்டை வேறு இடத்துக்கு மாற்றினால் கடைக்காரருக்கு எப்படி இருக்கும்! எனக்கு அன்று இரவு அதைத் தெரிந்துகொள்ளாமல் தூக்கம் வரவில்லை. மாப்பிள்ளையை விடாமல் கேட்டுத் தெரிந்துகொண்டதும், ஊர் திரும்பிய பின் பத்திரிகைகள் வாயிலாகத் தொடர்ந்ததும்தான் இந்தக் கட்டுரை.

சங்கத்தின் பூர்வீகம்

அங்கே கல்லூரிகள் தமக்குள் சங்கம் சேர்ந்து ஆடும். அதைக் கான்பரன்ஸ் என்கிறார்கள். மேற்குக் கரைக் கல்லூரிகளின் சங்கம் 1915-ல் தொடங்கியது. ஓரிகன் ஸ்டேட் அதன் நிறுவன உறுப்பினர். பக்கத்து மாநிலத்தின் வாஷிங்டன் ஸ்டேட் 1917-ல் சேர்ந்தது. 2011-ல் உறுப்பினர் எண்ணிக்கை பன்னிரண்டு ஆனதால் பேக்-12 என்று பெயர்.

இடையில் ஒரு சங்கதி உண்டு. வீரர்களுக்கு மறைவாகப் பணம் கொடுத்த விவகாரத்தில் இந்தச் சங்கம் 1959-ல் ஒரு முறை கலைந்தது. பெரிய நகரத்துக் கல்லூரிகள் உடனே தமக்குள் புதுச் சங்கம் கண்டன. சிறு ஊர்க்காரர்களை அழைக்கவில்லை. வாஷிங்டன் ஸ்டேட்டை 1962-ல்தான் சேர்த்தார்கள். ஓரிகன் ஸ்டேட் 1964 வரை காத்திருந்தது. ஐடஹோ பல்கலைக்கழகத்தைக் கடைசிவரை அழைக்கவே இல்லை. ஆகவே, 2023-ல் நடந்தது அந்த ஊர்க்காரர்களுக்கு முற்றிலும் புதிதல்ல.

1984 வரை எந்த ஆட்டத்தை டி.வி.யில் காட்டுவது, என்ன விலைக்குக் கொடுப்பது என்பதை என்.சி.ஏ.ஏ. என்ற அகில அமெரிக்க அமைப்பே தீர்மானித்தது. அது செல்லாது என்று அந்த ஆண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஓக்லஹாமா பல்கலைக்கழகத்தின் தரப்பில் தொடுத்த வழக்கு அது. அதன் பிறகு சரக்கு கல்லூரிகளின் கைக்கு வந்தது. ஒவ்வொருவரும் தனித்தனியாக விற்றால் விலை படியாது என்பதால் சங்கமாகச் சேர்ந்து டி.வி. கம்பெனிகளிடம் விற்றார்கள். நம் பக்கத்தில் மகமை வசூலித்துப் பொதுவில் சேர்ப்போம் அல்லவா, அதுபோலப் பணம் முழுதும் பொதுவில் வந்து, பெரும்பாலும் சம பங்காகப் பிரியும்.

கட்டுக்கோப்பாக நடந்தால் அருமையான ஏற்பாடு. ஆனால் டி.வி. ஒப்பந்தம் முடியும் ஆண்டு வரும்போதெல்லாம், "இந்தச் சங்கத்தில் எனக்கு இவ்வளவு, அந்தச் சங்கத்துக்குப் போனால் எவ்வளவு?" என்ற கணக்கைப் பெரிய உறுப்பினர்கள் போட்டுப் பார்ப்பார்கள். அதைத் தப்பென்று நான் சொல்லமாட்டேன்.

சொந்தக் கடை திறந்து, தெரு இல்லாமல் போனது

2011-ல் பேக்-12 சங்கம் இரண்டு கம்பெனிகளோடு 12 ஆண்டுகளுக்கு, சுமார் 300 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டது. அன்றைக்கு வேறு எந்தக் கல்லூரிச் சங்கத்துக்கும் அவ்வளவு விலை கிடைக்கவில்லை. சந்தோஷத்தில் மறு ஆண்டே சொந்தமாக ஒரு டி.வி. சேனலும் தொடங்கினார்கள். முழு முதலும் சங்கத்தினுடையது. லாபத்தில் வெளியாருக்கு ஏன் பங்கு என்று நினைத்தார்கள்.

பிக் டென் என்ற மற்றொரு சங்கம் 2007-ல் இதேபோல் சேனல் தொடங்கியபோது பாக்ஸ் கம்பெனியைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டது. தென்பகுதியின் எஸ்.இ.சி. சங்கம் 2014-ல் தொடங்கிய சேனலை ஈ.எஸ்.பி.என். கம்பெனியே நடத்தியது. அந்தக் கம்பெனிகள் கையில் ஏற்கெனவே வேறு சேனல்கள் இருந்தன. "அது வேண்டுமானால் இதையும் எடு" என்று கேபிள்காரர்களை மடக்க அவர்களால் முடியும். நம்மிடம் ஓடுகிற சோப்போடு ஓடாத சோப்பையும் தள்ளிவிடும் கம்பெனி சேல்ஸ்மேனைப் போல. பேக்-12 கையில் அப்படி மடக்க எதுவும் இல்லை. நாடு முழுவதும் வாடிக்கையாளர் வைத்திருந்த டைரக்ட் டி.வி. கடைசிவரை அந்தச் சேனலை எடுக்கவே இல்லை. நல்ல சரக்கு, கடை சொந்தம், ஆனால் கடைக்கு வரத் தெரு இல்லை. 2024 ஜூனோடு அந்தச் சேனல் மூடப்பட்டது.

எதிரி தளர்ந்தபோதும், விலை வந்தபோதும்

2021 ஜூலையில், பிக்-12 என்ற நடுப்பகுதிச் சங்கத்திலிருந்து அதன் இரண்டு பெரிய தூண்களான டெக்சாசும் ஓக்லஹாமாவும் எஸ்.இ.சி.க்குப் போவதாக அறிவித்தன. எட்டுப் பேர் திகைத்து நின்றார்கள். அந்த நேரத்தில் பேக்-12 கதவைத் திறந்திருந்தால் நல்ல உறுப்பினர்கள் சிலர் ஓடி வந்திருப்பார்கள் என்பது என் அபிப்பிராயம். ஆனால் ஆகஸ்ட் 26-ம் தேதி, "புதியவர்களைச் சேர்ப்பதாக இல்லை" என்று பேக்-12 அறிவித்தது. இரண்டு நாள் முன்புதான் பிக் டென், ஏ.சி.சி. சங்கங்களோடு கூட்டணி என்று மூன்று தலைவர்களும் சேர்ந்து சொல்லியிருந்தார்கள். எழுத்தில் எதுவும் இல்லை. கையெழுத்து இல்லை, முத்திரை இல்லை, எல்லாம் வாய் வார்த்தை.

பத்து மாதம் கழித்து, 2022 ஜூன் 30-ல், அதே பிக் டென் பேக்-12-இன் லாஸ் ஏஞ்சல்ஸ் கல்லூரிகள் இரண்டையும் கொத்திக்கொண்டு போயிற்று. யு.எஸ்.சி.யும் யு.சி.எல்.ஏ.யும்தான் அவை. பேக்-12 கடையின் மிகப் பெரிய வாடிக்கை ஊர் அந்த ஒரு நாளில் போயிற்று.

மிஞ்சிய பத்துப் பேர் புது டி.வி. ஒப்பந்தம் பேச உட்கார்ந்தார்கள். அவர்களுடைய பழைய ஒப்பந்தம் 2024-ல் முடிவது. திகைத்து நின்ற பிக்-12 சங்கத்தின் ஒப்பந்தம் 2025 வரை இருந்தது. முறைப்படி பேக்-12 முதலில் விற்க வேண்டும், பிக்-12 பிறகு. ஆனால் பிக்-12-இன் புதுத் தலைவர் பிரெட் யோர்மார்க் காத்திருக்கவில்லை. தம் ஒப்பந்தம் முடியுமுன்னே கம்பெனிகளைப் பேச்சுக்கு இழுத்து, 2022 அக்டோபரில் 6 ஆண்டுகளுக்கு 228 கோடி டாலர் என்று முடித்துவிட்டார். தலைக்கு ஆண்டுக்குச் சுமார் 3 கோடியே 17 லட்சம் டாலர். பிரமாதமான விலை இல்லை. ஆனால் சந்தையில் பணம் இருக்கும்போதே பணத்தை எடுத்துக்கொண்டார்.

பேக்-12-க்கும் அந்த ஆண்டில் தலைக்கு 3 கோடி டாலர் அளவில் ஒரு விலை வந்ததாகவும், இவர்கள் 5 கோடி கேட்டதாகவும் அமெரிக்கப் பத்திரிகைகள் எழுதின. வாங்குபவர் எழுந்து போய்விட்டார். வற்றல் மிளகாய் இருப்பு வைத்து விலை ஏறும் என்று காத்திருந்தவர்கள் இந்த இடத்தில் ஒரு பெருமூச்சு விடுவார்கள். நானும் விட்டேன். ஓராண்டு இழுத்து 2023 ஆகஸ்ட் முதல் தேதி தலைவர் ஜார்ஜ் கிளியாவ்காப் கொண்டுவந்தது ஆப்பிள் கம்பெனியின் இணைய ஒளிபரப்புத் திட்டம். உறுதியான தொகை சுமார் இரண்டரைக் கோடிக்குள். சந்தாதாரர் கூடினால் மேலே கிடைக்கும். விற்றால் கமிஷன் என்பது போல.

அதற்குச் சில நாள் முன்பே கொலராடோ பிக்-12-க்குப் போய்விட்டது. ஆகஸ்ட் 4 காலை மீதி ஒன்பது பேரும் கையெழுத்துப் போடுவார்கள் என்று எதிர்பார்த்தார்கள். அன்றே ஓரிகனும் வாஷிங்டனும் பிக் டென்னுக்கு, அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா மூன்றும் பிக்-12-க்கு. அடுத்த மாதம் ஸ்டான்போர்டும் கலிபோர்னியாவும் போயின. பனியன் கடைக்காரர் பார்த்துக்கொண்டிருந்த செய்தி இதுதான்.

1994-ல் நாங்கள் பதினொரு பேர் சேர்ந்து ஒரு மில்லிலிருந்து எண்ணெய் டின் லோடு எடுத்துவந்தோம். முழு லாரி என்பதால் டின்னுக்கு விலை குறையும். அதில் அதிகம் எடுத்த இருவர் மில்லோடு தனியே பேசி நேரடி ஏஜென்சி வாங்கிக்கொண்டார்கள். லோடு வராத அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. மீதி ஒன்பது பேரால் லாரி நிறையவில்லை. அடுத்த மாதம் ஆறு பேர், பிறகு மூன்று பேர். அந்த மூவரில் நான் ஒருவன். பல மாதம் அந்த இருவரோடும் பேசவில்லை. பின்னாளில் எனக்கு ஒரு பருப்புக் கம்பெனி ஏஜென்சி தனியாக வந்தபோது நானும் யாரையும் கேட்கவில்லை. பேப்பரில் கையெழுத்துப் போட்டேன். ஆகையால் போனவர்களைத் திட்ட எனக்கு வாய் வருவதில்லை.

சேர வருபவரை எந்தத் தராசில் நிறுக்கிறார்கள்

"நன்றாக ஆடும் கல்லூரியைத்தானே சேர்ப்பார்கள்?" என்று நானும் நினைத்தேன். அப்படி இல்லை. ஏற்கெனவே இருப்பவர் பங்கு ஒரு காசு குறையுமா கூடுமா என்பதே முதல் கேள்வி. பத்துப் பேர் பங்கிடும் இடத்தில் பதினோராவது ஆள் வந்தால், அவர் தம் பங்கைத் தாமே சம்பாதித்து மேலும் கொஞ்சம் கொண்டுவர வேண்டும்.

தராசும் காலத்துக்குக் காலம் மாறுகிறது. 2014-ல் பிக் டென் ரட்கர்ஸ் என்ற கல்லூரியைச் சேர்த்தது. ஆட்டத்தில் பெரிய பெயர் இல்லை. ஆனால் நியூயார்க் நகரை ஒட்டிய நியூஜெர்சியில் இருந்தது. அந்த வட்டாரத்துக் கேபிள் வீடுகள் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சேனலுக்கு மாதம் ஒரு தொகை வரும். அன்று எண்ணியது வீடுகளை. இப்போது ஜனங்கள் கேபிளைத் துண்டித்துவிட்டதால் உண்மையில் பார்க்கும் கண்களை எண்ணுகிறார்கள். ஏ.சி.சி. சங்கத்தில் புளோரிடா ஸ்டேட்டும் கிளெம்சனும் வழக்குப் போட்டு 2025 மார்ச்சில் சமரசமாகி, பார்வையாளர் எண்ணிக்கைக்கு ஏற்ப ஒரு பகுதிப் பணத்தைப் பிரிக்க வைத்தது இதனால்தான். சம பங்கு என்ற பழைய கட்டு அங்கே அவிழ்ந்துவிட்டது.

காத்திருக்கும் கல்லூரிகள் பாடு தனி. 2016-ல் பிக்-12 சங்கம் பல கல்லூரிகளை வரவழைத்துப் பேசி, அக்டோபரில் யாரையும் சேர்ப்பதில்லை என்று அனுப்பிவிட்டது. அப்படித் திரும்பியவர்களில் ஹூஸ்டன், சின்சினாட்டி, பி.ஒய்.யூ. மூன்றும் உண்டு. ஐந்தாண்டு கழித்து டெக்சாஸ் விலகிய சில வாரங்களில், அதே மூவரையும் மத்திய புளோரிடாவையும் சேர்த்துக்கொண்டது. கல்லூரி மாறவில்லை. கூப்பிட்டவருடைய அவசரம்தான் மாறியது.

எஸ்.எம்.யூ. என்ற டல்லாஸ் நகரக் கல்லூரி கதை இதைவிட நீளம். 1914-ல் தொடங்கிய தென்மேற்குச் சங்கம் 1996-ல் கலைந்தபோது டெக்சாஸ் முதலிய நால்வரைப் பெரிய சங்கம் எடுத்துக்கொள்ள, மிஞ்சிய நால்வரில் இது ஒன்று. 28 ஆண்டு சிறு சங்கங்களில் காலம் தள்ளியது. 2024-ல் ஏ.சி.சி.யில் இடம் வாங்க அது சொன்ன விலை என்ன தெரியுமா? ஒன்பது ஆண்டு டி.வி. பணத்தில் எங்களுக்குப் பங்கே வேண்டாம் என்றது. வசதியுள்ள பழைய மாணவர்கள் செலவைத் தாங்கினார்கள். ஸ்டான்போர்டும் கலிபோர்னியாவும் முதல் ஏழு ஆண்டு 30 சதவிகிதப் பங்குக்கே ஒப்புக்கொண்டன. ஆனால் புது உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் முழுப் பங்கு தரவேண்டும் என்று டி.வி. கம்பெனியோடு ஏ.சி.சி. போட்டிருந்த ஒப்பந்தத்தில் இருந்தது. அந்த வித்தியாசத் தொகை பழைய உறுப்பினர்களுக்குப் போயிற்று. இதைக் கேட்டபோது எழுந்து நின்று கும்பிடத் தோன்றியது. சரக்கு எஸ்.எம்.யூ. உடையது, பில் கம்பெனி பேரில், பணம் மூன்றாமவர் கல்லாவில்! ஆனாலும் எஸ்.எம்.யூ. ஏமாளி அல்ல. சேர்ந்த முதல் ஆண்டிலேயே சங்கத்தின் இறுதி ஆட்டம் வரை வந்து, தேசியச் சாம்பியன் போட்டிக்கான பன்னிரண்டு அணிகளில் ஒன்றாகவும் ஆடியது.

(வேடிக்கை ஒன்று: பசிபிக் கரைக் கல்லூரிகள் இப்போது அட்லாண்டிக் பெயருள்ள சங்கத்தில் இருக்கின்றன. பிக் டென்னில் பதினெட்டுப் பேர், பிக்-12-இல் பதினாறு பேர். போட்டிக்கு நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல் விமானத்தில் போகும் மாணவர் எப்போது பாடம் படிப்பாரோ!)

பைலாவில் இருந்த ஒரு வரி

மிஞ்சிய ஓரிகன் ஸ்டேட்டுக்கும் வாஷிங்டன் ஸ்டேட்டுக்கும் ஆடுகளத்தில் செய்ய ஒன்றுமில்லை. சங்கத்தின் பைலாவை எடுத்துப் படித்தார்கள். குறித்த தேதிக்கு முன் விலகுவதாக அறிவித்த உறுப்பினருக்கு நிர்வாகக் குழுவில் இடமில்லை என்று அதில் இருந்தது. லாஸ் ஏஞ்சல்ஸ் கல்லூரிகள் விலகியபோது சங்கமே அந்த விதியைச் சொல்லி அவர்களைக் குழுவிலிருந்து நிறுத்தியிருந்தது. அன்று அவர்களுக்குச் செல்லுபடியான விதி இன்று பத்துப் பேருக்கும் செல்லும் என்று இருவரும் கோர்ட்டுக்குப் போனார்கள். விட்மன் கவுண்டி நீதிமன்றம் 2023 நவம்பரில் நிர்வாகம் இருவர் கையில் என்று உத்தரவிட்டது. அடுத்த மாதம் மாநில உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்தது. போகிறவர்கள் தலைக்குச் சுமார் 65 லட்சம் டாலர் விட்டுக்கொடுத்துச் சமரசம் ஆனார்கள். சங்கத்தின் பெயரும் இருப்பும் வரவேண்டிய பாக்கியும் இருவரிடம் நின்றன.

நம் சங்கங்களில் பைலாவை எத்தனை பேர் படித்திருக்கிறோம்? பதிவு அலுவலகத்தில் கொடுத்ததோடு பீரோவில் கிடக்கிறது. விலகுபவருக்கு முன்பணம் எப்போது திரும்பும், விலகுவதாகச் சொன்ன பின் ஓட்டு உண்டா என்று கேட்டால் செயலாளர்களே விழிப்பார்கள்.

இரண்டு பேர் மட்டும் உள்ள சங்கத்துக்கு இரண்டாண்டு அவகாசம் உண்டு. 2026 ஜூலைக்குள் புட்பால் ஆடும் எட்டு உறுப்பினர் சேரவேண்டும். இப்போது இவர்கள் ஆள் பிடிக்கப் புறப்பட்டார்கள். 2024 செப்டம்பரில் மவுன்டன் வெஸ்ட் என்ற அண்டைச் சங்கத்திலிருந்து பாய்சி ஸ்டேட், கொலராடோ ஸ்டேட், பிரெஸ்னோ ஸ்டேட், சான்டியாகோ ஸ்டேட், பிறகு யூட்டா ஸ்டேட் ஆகியவற்றை எடுத்தார்கள். நேற்று தமக்கு நடந்ததையே பக்கத்து வீட்டுக்குச் செய்தார்கள். அதிலும் அந்தச் சங்கம்தான் ஓராண்டு இவர்களோடு ஆட்டம் ஆடி ஆதரித்தது. அது விவரமானது. ஆட்டம் தரும் ஒப்பந்தத்திலேயே, எங்கள் ஆளை எடுத்தால் முதல் ஆளுக்கு ஒரு கோடி டாலர், அடுத்தடுத்த ஆளுக்கு 5 லட்சம் கூடுதல் என்று எழுதி வாங்கியிருந்தது. ஐந்து பேருக்கு 5 கோடியே 50 லட்சம். கேட்டபோது, அந்த ஷரத்தே சட்டப்படி செல்லாது என்று பேக்-12 வழக்குத் தொடுத்தது. தாமே கையெழுத்திட்டதை மறுப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

மெம்பிஸ், டுலேன் முதலிய நான்கு கல்லூரிகளையும் கேட்டுப் பார்த்தார்கள். அவை பழைய இடமே போதும் என்றன. கன்சாகா சேர்ந்தது, ஆனால் அதற்குக் கூடைப்பந்துதான், புட்பால் அணி இல்லை. எட்டாவது ஆள் 2025 ஜூன் 30-ல் கிடைத்தது, டெக்சாஸ் ஸ்டேட். ஏன் ஜூன் 30? அது விலகிய சன் பெல்ட் சங்கத்தில் விலகல் கட்டணம் 50 லட்சம் டாலர். ஜூலை பிறந்தால் இரட்டிப்பு. நாமும் மார்ச் 31 இரவு கடையைத் திறந்து வைத்துக் கணக்கு முடிப்பவர்கள்தானே.

புதிய சங்கம் 2026 ஜூலை 1 முதல் என்று தீர்மானித்தார்கள். சி.பி.எஸ். கம்பெனி டி.வி.யில் காட்டும். பழைய பெரிய நகரங்கள் இல்லை, பழைய விலையும் இருக்க நியாயமில்லை. இதற்கிடையே 2025 ஜூலை முதல் கல்லூரிகள் வீரர்களுக்கு நேரடியாகவே பணம் தரலாம் என்றாகிவிட்டது. முதல் ஆண்டில் ஒரு கல்லூரிக்கு உச்சவரம்பு சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர். வரவு குறைந்தவருக்குச் செலவு கூடுகிறது.

மாப்பிள்ளை போனில் பேசியபோது பனியன் கடைக்காரரைப் பற்றி விசாரித்தேன். 2023-ல் போட்ட சரக்கில் சில பெட்டி அப்படியே இருக்கிறதாம். உறுப்பினர் பன்னிரண்டு பேர் இல்லாவிட்டாலும் சங்கத்தின் பெயர் பேக்-12 என்றே தொடர்கிறது அல்லவா, பனியனில் அச்சடித்த எழுத்து இன்னும் செல்லும் என்று பெட்டியைப் பிரித்து முன்வரிசையில் அடுக்கிவிட்டாராம். விலையை மட்டும் குறைக்கவில்லையாம்.